கொழும்பு வெக்கையில் ஓவர்குளொக்: புரொசெசர், ரேம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவர்குளொக் செய்யும்போது உண்மையில் எதை மாற்றுகிறோம்?

ஓவர்குளொக் என்பது புரொசெசரையோ ரேமையோ தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓடவைப்பது. புரொசெசரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கம். ஒன்று அடிப்படைக் குளொக், பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். மற்றது பெருக்கி. பெருக்கி 45 என்றால் 4.5 கிகாஹெர்ட்ஸ், 50 என்றால் 5.0. நாம் கூட்டுவது பெருக்கியை. அடிப்படைக் குளொக்கைத் தொட்டால் சில போர்ட்களில் எஸ்எஸ்டி, யூஎஸ்பி எல்லாமே அதோடு சேர்ந்து ஓடும், தரவு கெடும். அதை 100இலேயே விட்டுவிடுங்கள்.

வேகம் கூடினால் ஒவ்வொரு சைகையும் குறைந்த நேரத்தில் போய்ச்சேர வேண்டும், அதற்கு வோல்டேஜ் கூட வேண்டும். சிக்கல் அங்கேதான். வெப்பம் வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் சிப்பை 5.0க்கு ஏற்ற 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வையுங்கள். வேகம் 11 சதவீதம் கூடியது. வெப்பம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. இந்தப் பக்கத்தில் பல பதில்கள் வோல்டேஜ் பற்றி எச்சரிப்பதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம்.

என் கொம்பியூட்டரில் செய்ய முடியுமா?

புரொசெசர், மதர்போர்ட் இரண்டும் இடம்கொடுக்க வேண்டும்.

இன்டெல்லில் பெயரின் முடிவில் கே, கேஎஃப், கேஎஸ் என்று இருந்தால்தான் பெருக்கி திறந்திருக்கும். கூடவே இசட் வரிசைப் போர்ட் வேண்டும்: இசட்690, இசட்790, இசட்890. பி660, பி760 போர்ட்களில் புரொசெசரைக் கூட்ட முடியாது, ரேமைக் கூட்டலாம். எச்610இல் இரண்டும் இல்லை. 13600கே வாங்கி எச்610இல் போடுபவர்கள் திறந்த பெருக்கிக்குக் காசு கொடுத்துவிட்டு அதைப் பயன்படுத்த முடியாமல் இருக்கிறார்கள்.

ஏஎம்டி தாராளம். டெஸ்க்டொப் ரைசன் ஏறக்குறைய எல்லாமே திறந்தவை. பி450, பி550, பி650, எக்ஸ் வரிசைப் போர்ட்கள் போதும். ஏ320, ஏ520, ஏ620 போர்ட்களில் புரொசெசரைத் தொட முடியாது, ஆனால் ஏ520, ஏ620இல் ரேம் புரொஃபைல் (தயாரிப்பாளர் குறித்த வேகத்தை ஒரே சொடுக்கில் போடும் அமைப்பு) வேலை செய்யும். 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி ஆகியவற்றில் பெருக்கி பூட்டப்பட்டது. 9800எக்ஸ்3டியில் திறந்துவிட்டார்கள்.

கொம்பியூட்டர் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவுக்குப் போகும்போது "ஓவர்குளொக் பண்ணலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். போர்ட்டின் சிப்செட் பெயரை (பி550, இசட்790 போல) கேட்டு இந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

எவ்வளவு பலன் கிடைக்கும்?

புதிய புரொசெசர்கள் தொழிற்சாலையிலிருந்தே எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகின்றன. கையால் கூட்டிக் கிடைப்பது பெரும்பாலும் சிறிய அளவுதான். கிராஃபிக்ஸ் கார்ட் முழுமூச்சில் ஓடும் கேமில் புரொசெசரைக் கூட்டினால் வித்தியாசமே தெரியாது.

ரேம் வேறு கதை. வாங்கிய ரேம் தன் முழு வேகத்தில் ஓடாமல் கிடக்கும் கொம்பியூட்டர்கள் ஏராளம். ரைசன் 5600ஜி போலக் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் சிப் வைத்திருந்தால் பலன் இன்னும் பெரிது, ஏனென்றால் அந்தக் கிராஃபிக்ஸ் இதே ரேமைத்தான் பகிர்ந்து வாழ்கிறது. டிடிஆர்4 3200 ஒற்றைக் குச்சி நொடிக்கு 25.6 கிகாபைட் தரும். இரண்டு குச்சிகள் போட்டால் 51.2. ஒரே 16 ஜிபி குச்சி வைத்திருப்பவர் வேறு எதையும் தொடுமுன் இரண்டாவது குச்சி வாங்கட்டும். எந்த ஓவர்குளொக்கும் அதற்கு ஈடாகாது.

எதிலிருந்து தொடங்குவது?

இந்த ஒழுங்கில்: பயோஸ் (மதர்போர்ட்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட், ரேம் புரொஃபைல், கூலிங், கடைசியாகப் புரொசெசர். ரேமையும் புரொசெசரையும் ஒரே நாளில் மாற்றினால், நீலத் திரை வரும்போது குற்றவாளி யார் என்று தெரியாது. ஒன்றை மாற்றி, சோதித்து, எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

3200 ரேம் வாங்கினேன், சிபியு-இசட் 1600 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. சிபியு-இசட் மென்பொருள் காட்டுவது ரேமின் உண்மைக் குளொக்கை. டிடிஆர் ரேம் ஒரு குளொக் துடிப்பில் இரு தடவை தரவு அனுப்பும். உண்மைக் குளொக் 1600, விற்கும் எண் 3200. இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் அங்கே 1067 அல்லது 1200 என்று இருந்தால் உங்கள் ரேம் 2133 அல்லது 2400இல் ஓடுகிறது, புரொஃபைல் போடவில்லை. பயோஸுக்குள் போய் (கொம்பியூட்டரைப் போட்டவுடன் டெலீட் விசையைத் தட்டுங்கள், சிலவற்றில் எஃப்2) எக்ஸ்எம்பி என்பதை இயக்குங்கள். ஏஎம்டி போர்ட்களில் இதற்கு டிஓசிபி அல்லது எக்ஸ்போ என்று பெயர் இருக்கலாம். எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். இந்த ஒரு சொடுக்கு டிடிஆர்4 ரேமின் வோல்டேஜை 1.2இலிருந்து பெரும்பாலும் 1.35க்கு ஏற்றும். அது அந்தக் குச்சிக்கென்றே தயாரிப்பாளர் சோதித்த அளவு, பயப்படத் தேவையில்லை.

எக்ஸ்எம்பி போட்டேன், திரையே வரவில்லை!

முதலில் காத்திருங்கள். டிடிஆர்5 போர்ட்கள் புதிய வேகத்துக்கு ரேமைப் பழக்கப் பல நிமிடங்கள் எடுக்கும், அந்த நேரம் திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து சுவிட்சை அணைப்பவர்கள்தான் அதிகம். 10 நிமிடம் கொடுங்கள்.

அதற்கும் பிறகு வராவிட்டால் மதர்போர்ட்டின் ஓரத்திலுள்ள சிறு விளக்குகளைப் பாருங்கள். டிராம் என்று எழுதிய இடத்தில் விளக்கு நின்றெரிந்தால் ரேம்தான். சுவரில் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். போர்ட்டில் கிளியர் சிமொஸ் என்ற இரு ஊசிகள் இருந்தால் அவற்றை ஸ்குருடிரைவர் நுனியால் சில நொடி தொடுத்தாலும் போதும். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

பிறகு குச்சிகள் எந்தத் துளையில் இருக்கின்றன என்று பாருங்கள். நான்கு துளைப் போர்ட்டில் இரண்டு குச்சிகள் புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்க வேண்டும். போர்ட்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். முதலாவதிலும் மூன்றாவதிலும் போட்டால் சாதாரண வேகத்தில் ஓடும், எக்ஸ்எம்பியில் நிலையிழக்கலாம்.

நான்கு துளையையும் நிரப்பியவர்களுக்கு இன்னும் கடினம். ரைசன் 7000இல் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5200. நான்கு குச்சி என்றால் அது 3600க்கு இறங்குகிறது. 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16ஐ ஒரே பெட்டியில் வந்த சோடியாக வாங்குங்கள். அதே பெயர், அதே நிறம் என்று பின்னால் இன்னொரு சோடி சேர்த்தாலும், உள்ளே சிப் வேறாக இருக்கலாம்.

கடலுக்குப் பக்கத்திலுள்ள வீடுகளில், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டித் தொடர்மாடிகளில், உப்புக்காற்றும் தூசியும் ரேம் தொடுமுனைகளில் படியும். குச்சியைக் கழற்றி ஐசோப்ரொபைல் ஆல்கஹோல் தொட்ட துணியால் தங்கநிற முனைகளைத் துடைத்து, காயவிட்டு, இரு பக்கமும் கிளிக் என்று கேட்கும்வரை அழுத்திப் பாருங்கள். "ரேம் செத்துவிட்டது" என்று சொல்லப்படும் சில குச்சிகள் இதோடு எழுந்துவிடும்.

எந்த ரேம் வேகமானது? எண்ணைப் பார்ப்பதா, சிஎல்லைப் பார்ப்பதா?

இரண்டையும். சிஎல் என்பது கேட்ட தரவு வரும்வரை ரேம் எடுக்கும் குளொக் துடிப்புகளின் எண்ணிக்கை. தாமதத்தை நனோ செக்கனில் கணிக்க: சிஎல் × 2000 ÷ வேகம். 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18உம் 10. 6000 சிஎல்30உம் 10. 5600 சிஎல்40 என்றால் 14.3. தாமதம் சமமாக இருந்தால் வேக எண் பெரியதை எடுங்கள்.

ரைசனில் இன்னொரு கணக்கு உண்டு. உள்ளே சிப் துண்டுகளை இணைக்கும் எஃப்குளொக் என்ற குளொக் 5000 வரிசையில் ரேமின் உண்மைக் குளொக்கோடு சமமாக ஓட வேண்டும். 3600 ரேம், 1800 எஃப்குளொக் என்பது ஏறக்குறைய எல்லாச் சிப்பிலும் வரும். அதற்கு மேல் சிப்பின் அதிர்ஷ்டம். 7000 வரிசைக்கு 6000 சிஎல்30தான் எங்கள் பரிந்துரை. அதைத் தாண்டி அதிகம் போனால் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதி பாதி வேகத்துக்கு மாறி, கூடக் கொடுத்த காசு வீணாகும்.

டைமிங்கைக் கையால் இறுக்கலாமா?

டைமிங் என்பது சிஎல் போன்ற தாமத எண்கள். நேரம் இருந்தால் செய்யலாம். முதலில் வேகத்தை நிலைநிறுத்துங்கள், பிறகு சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி ஆகியவற்றை ஒரு தடவைக்கு ஒரு படி குறைத்து, ஒவ்வொரு தடவையும் சோதியுங்கள். டிஆர்எஃப்சியை, அதாவது ரேம் தன் தரவைப் புதுப்பிக்க எடுக்கும் நேரத்தை, குறைத்தால் நல்ல பலன் உண்டு, ஆனால் அது வெப்பத்துக்கு மிகவும் கூச்சப்படும். காலையில் பிழையின்றி ஓடிய அமைப்பு பிற்பகல் இரண்டு மணிக்குப் பிழை காட்டினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

கொழும்பு வெப்பம் உண்மையில் அவ்வளவு பாதிக்குமா?

பாதிக்கும். வெளிநாட்டு விமர்சகர்களின் அட்டவணைகள் பெரும்பாலும் 20 முதல் 22 பாகை அறையில் எடுத்தவை. ஏசி போடாத கொழும்பு அறை மதியத்தில் 31 பாகை. கூலர் எதுவானாலும் அறை வெப்பத்துக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. அங்கே 82 பாகை காட்டிய அமைப்பு இங்கே 91, 92 காட்டும். 80 தாண்டாத இலக்கு அங்கே எளிது, இங்கே பணச் செலவு.

தண்ணீர் கூலரும் இதற்கு விலக்கல்ல. ரேடியேட்டருக்குப் போவதும் அதே 31 பாகைக் காற்றுத்தான். ஈரப்பதம் பற்றிய பயம் மட்டும் தேவையில்லை: சாதாரணக் காற்றுக் கூலரோ தண்ணீர்க் கூலரோ அறை வெப்பத்துக்குக் கீழே போகாது, ஆகவே பனித்துளி படியாது.

கொம்பியூட்டரை மேசைக்குக் கீழே மூன்று பக்கமும் பலகை அடைத்த பெட்டிக்குள் வைத்திருந்தால் அதை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. முன்பக்க வலையைக் கழற்றி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். காலி வீதி போன்ற பிரதான வீதியைப் பார்த்த யன்னல் என்றால் இன்னும் அடிக்கடி. புதுக் கூலர் பூட்டியதும் வெப்பம் உடனே 95 தொட்டால், கூலரின் அடியில் ஒட்டிய கண்ணாடித்தாள் உரிக்கப்பட்டதா என்று கழற்றிப் பாருங்கள்.

இன்டெல் கே சிப்பைப் படிப்படியாக எப்படிக் கூட்டுவது?

முதலில் எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளை 10 நிமிடம் ஓடவிட்டு, அது தரும் புள்ளியையும், எச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற கண்காணிப்பு மென்பொருளில் உச்ச வெப்பம், வாட், சுமையின் கீழ் வோல்டேஜ் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதே 90 தாண்டினால் இத்தோடு நிறுத்துங்கள். கூலரை மாற்றாமல் முன்னேறுவதில் அர்த்தமில்லை.

அடுத்து பயோஸில் பெரிய கோர்களின் (புரொசெசரின் சக்தி கூடிய கணிப்பு அலகுகள்) பெருக்கியை ஒரு படி கூட்டுங்கள். வோல்டேஜை அடப்டிவ் முறையில் வையுங்கள். நிலையான வோல்டேஜ் வைத்தால் சும்மா இருக்கும்போதும் அதே வோல்டேஜ் ஓடும். விண்டோஸுக்குள் வந்து மறுபடி 10 நிமிடம். தாங்கினால் இன்னொரு படி. விழுந்தால் 0.01 அல்லது 0.02 வோல்ட் கூட்டிப் பாருங்கள். சுமையின் கீழ் 1.30 வோல்ட்டையோ 90 பாகையையோ தொட்டதும் ஒரு படி கீழே இறங்கி அங்கேயே தங்குங்கள். பயோஸ் ஏற்றுக்கொள்ளும் எண் எல்லாம் சிப் தாங்கும் எண் என்று நினைக்காதீர்கள்.

சுமை ஏறும்போது வோல்டேஜ் சற்று விழுவது இயல்பு. அதைத் தாங்கிப்பிடிக்கும் அமைப்பு லோட்லைன். நடுத்தர நிலையில் வையுங்கள். மிகக் கடுமையாக வைத்தால் சுமை திடீரென்று நீங்கும் கணத்தில் வோல்டேஜ் மேலே துள்ளும், அதை எந்தச் சாதாரண மென்பொருளும் காட்டாது. ஆசுஸ் போர்ட்டில் எண் பெரிதானால் கடுமை கூடும். எம்எஸ்ஐ, ஆஸ்ரொக்கில் எண் சிறிதானால் கடுமை கூடும். வேறொரு போர்ட்டுக்கான காணொளியைப் பார்த்து எண்ணை அப்படியே போடுவது இதனால்தான் ஆபத்து.

13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் பழுதாகிறது என்கிறார்களே?

உண்மை. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, காலப்போக்கில் நிலையிழந்தது. 2024 ஆகஸ்டில் 0x129, செப்டெம்பரில் 0x12பி என்ற மைக்ரோகோட் (சிப்பின் உள்கட்டளை) திருத்தங்களை இன்டெல் வெளியிட்டது, பாதிக்கப்பட்ட பெட்டிச் சிப்களின் உத்தரவாதத்தை மேலும் இரண்டு வருடம் நீட்டியது. அந்தத் திருத்தங்கள் புதிய பயோஸோடு வரும். ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிப்பை அது குணமாக்காது. கேம் திறக்கும்போது "வீடியோ நினைவகம் போதாது" என்று வந்தாலோ, பெரிய ஸிப் கோப்பு விரிக்கும்போது பிழை வந்தாலோ, அமைப்பைக் குடைந்துகொண்டிருக்காமல் உத்தரவாதத்துக்குக் கொடுங்கள். இந்தத் தலைமுறைகளில் ஓவர்குளொக்கை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பவர் எல்லையை இன்டெல் சொன்ன அளவுக்குள், 14900கே என்றால் 253 வாட்டுக்குள், வையுங்கள்.

ரைசனுக்கு?

பெருக்கியை நிலையாகப் பூட்டாதீர்கள். ரைசன் ஒரு கோருக்கு வேலை வரும்போது தானாகவே மிக உயரப் போகும், பூட்டினால் அந்த உயரம் போய்விடும். பதிலாக பயோஸில் பிபிஓ (ஏஎம்டியின் தானியங்கி வேகக்கூட்டல்) பகுதிக்குள் கேர்வ் ஒப்டிமைசர் என்பதைத் திறந்து எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 கொடுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கும். வோல்டேஜ் குறைகிறது, வெப்பம் குறைகிறது, கிடைத்த இடைவெளியில் சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. வெக்கை நாட்டுக்கென்றே செய்தது போன்ற வழி இது. நிலைத்தால் மைனஸ் 15, 20 என்று போங்கள். மைனஸ் 30 எல்லாச் சிப்பிலும் நிற்குமென்றில்லை.

இதில் ஒரு தந்திரம் உண்டு: கடும் சோதனையில் தேறிய அமைப்பு, யாரும் தொடாமல் இருக்கும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். காரணம், இலேசான வேலையில்தான் ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது. கோர்சைக்கிளர் என்ற இலவச மென்பொருள் கோர் கோராகச் சோதித்து எந்தக் கோர் தாங்கவில்லை என்று சொல்லும். அந்தக் கோருக்கு மட்டும் எண்ணைத் தளர்த்துங்கள்.

7000 வரிசை 95 பாகையில் ஓடுவது வடிவமைப்பிலேயே உள்ளது, பழுதல்ல. ஆனால் சின்னத் தொடர்மாடி அறையில் அந்த வெப்பம் முழுவதும் உங்கள் மேல்தான் இறங்கும். மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடில் 65 வாட் வைத்துப் பாருங்கள், பல வேலைகளுக்கு இழப்பு உணரக்கூடியதாக இராது. 7000 வரிசை உட்காரும் சொக்கெட் ஏஎம்5இல், ரேம் கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐத் தாண்டக்கூடாது. 2023இல் 7800எக்ஸ்3டி சிப்கள் எரிந்த பிறகு ஏஎம்டி இந்த வரம்பைப் போட்டது. பழைய பயோஸ் என்றால் எக்ஸ்போ போடுமுன் கட்டாயம் அப்டேட் செய்யுங்கள்.

நிலையாக இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

விண்டோஸ் திறந்தது என்பது சோதனையல்ல. ரேமுக்கு மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பியிலிருந்து நான்கு சுற்று ஓடவிடுங்கள், பிறகு விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5. ஒரு பிழைகூடக் கூடாது. "ஒன்றே ஒன்றுதானே" என்று விடும் பிழை, ஒரு நாள் உங்கள் கல்யாண வீடியோ எடிட்டைச் சேமிக்கும்போது கோப்புக்குள் போய் உட்காரும். புரொசெசருக்கு ஓசிசிடி ஒரு மணி நேரம். ப்ரைம்95இன் ஸ்மோல் எஃப்எஃப்டி மிகக் கடுமையானது, வெப்பத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு 15 நிமிடம் போதும்.

சோதனையை ஏசி அணைத்த மதியத்தில் செய்யுங்கள். குளிரில் தேறியதை வெக்கையில் நம்ப முடியாது.

பிறகு விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டபிள்யூஎச்ஈஏ-லொக்கர் என்று தேடுங்கள். எண் 19 என்றால் சிப் பிழையைத் தானே திருத்திக்கொண்டது, நீங்கள் எதுவும் கவனித்திருக்க மாட்டீர்கள். அப்படி வந்தாலும் அமைப்பு நிலையற்றதே. எண் 18 என்றால் திருத்த முடியாத பிழை. நீலத் திரையில் குளொக் வொட்ச்டோக் டைம்அவுட் என்று வந்தால் பெரும்பாலும் புரொசெசருக்கு வோல்டேஜ் போதவில்லை. மெமரி மெனேஜ்மென்ட் என்று வந்தால் ரேமிலிருந்து தொடங்குங்கள்.

கரண்ட் பற்றி?

பயோஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்ட் திறக்காமலே போகலாம். 2025 பெப்ரவரி 9 போல நாடு முழுவதும் ஒரே கணத்தில் இருளும் நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. யூபிஎஸ்ஸில் போட்டு அப்டேட் செய்யுங்கள். வழமையான 650 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். ஓவர்குளொக் செய்த புரொசெசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும், பிறகு கரண்ட் போன கணத்தில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணையும்.

பழைய வீடுகளில் எர்த் கம்பி வராத பிளக் இருக்கும். கேஸைத் தொடும்போது விரலில் சுரீர் என்றால் ஓவர்குளொக்கை விடுங்கள், முதலில் மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

பில்லும் உண்டு. 60 வாட் கூடுதலாக, நாளுக்கு 5 மணி நேரம், 30 நாள் என்றால் 9 அலகு. சிறியதுதான், ஆனால் நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதக் கடைசியில் அந்த 9 அலகும் உங்கள் உச்சப் படியின் விலையில்தான் சேரும்.

உத்தரவாதம் போய்விடுமா?

ஓவர்குளொக்கால் வரும் சேதத்தை இன்டெல், ஏஎம்டி இரண்டின் உத்தரவாதமும் பொதுவாக ஏற்பதில்லை. விதிப்படி ரேம் புரொஃபைலும் ஓவர்குளொக்தான். கடையில் வாங்கும்போதே எக்ஸ்எம்பி வேகத்தில் ஓடாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பயோஸ் அப்டேட் செய்தேன், அமைப்பெல்லாம் போய்விட்டது.

போகும். பயோஸில் சேமித்த புரொஃபைல்களும் புதிய பதிப்பில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படாது. அப்டேட்டுக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பல போர்ட்களில் எஃப்12 அழுத்தினால் யூஎஸ்பியில் படமாகவே சேமிக்கும். பழைய எண்களைத் திருப்பிப் போட்ட பிறகு ரேம் சோதனையை மறுபடி ஓடவிடுங்கள். புதிய பயோஸ் ரேமை வேறு விதமாகப் பழக்கும், ஆறு மாதம் நின்ற அமைப்பு அதன்பின் நிற்காமல் போகலாம்.